தேரி மண் கிரீமும் உப்பளத்து வெயிலும்

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 36. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறார். போன கோடையில் தேரிக்காட்டுச் செம்மண்ணை எடுத்துவந்து, தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மொட்டைமாடியில் உலர்த்தியிருக்கிறார். அந்தப் பொடியைத் தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கற்றாழைச் சாறு ஆகியவற்றோடு சேர்த்து வெயிலுக்குப் பூசும் கிரீமாக்கி, இதுவரை 40 டப்பா விற்றிருக்கிறார்.

சிக்கல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வாங்கியவர்களில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு மூன்றாவது வாரத்தில் கன்னத்திலும் முன்கையிலும் சீழ் வைத்த பருக்கள் வந்துவிட்டன. அதே நேரத்தில் உப்பள ஒப்பந்தக்காரர் ஒருவர் தொழிலாளர்களுக்குக் கொடுக்க 200 டப்பா கேட்கிறார், லேபிளில் 'எஸ்.பி.எஃப். 30' (வெயிலைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) என்று போட்டுத் தர வேண்டுமாம். கணவரோ, 'சித்த மருந்து என்று எழுதிவிட்டால் உரிமம் எதுவும் தேவையில்லை' என்கிறார். இதற்கு நடுவில் வாசகியின் தங்கைக்குக் கன்னத்தில் இருந்த மங்கு இந்தக் கிரீம் பூசிய பிறகு வெளிறியிருக்கிறது. "மண் வெயிலைத் தடுக்கும் என்பது பொய்யா டாக்டர்? பர்மாவில் இருந்த என் பாட்டி முகம் முழுக்க மண் பூசித்தான் வெளியே போவாராம். கடையில் விற்கும் கிரீமில் இருக்கும் ரசாயனத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று நம்பித்தானே செய்தேன்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

மண் வெயிலைத் தடுக்கும். அது பொய்யில்லை. எருமை சேற்றில் புரள்வதும் யானை தன் முதுகில் மண்ணை வாரி இறைத்துக்கொள்வதும் பூச்சிக்கடிக்காகவும் சூட்டுக்காகவும் மட்டுமல்ல, வெயிலிலிருந்து தோலைக் காத்துக்கொள்ளவும்தான். நமீபியாவில் ஹிம்பா இனப் பெண்கள் செங்காவிப் பொடியைப் பால் கொழுப்பில் குழைத்து உடல் முழுக்கப் பூசிக்கொள்கிறார்கள். அதற்கும் வெயிலைத் தடுக்கும் தன்மை உண்டு. உங்கள் பாட்டி பூசியதை மட்டும் சிறிது திருத்த வேண்டும். பர்மாக்காரர்கள் கன்னத்தில் பூசும் மஞ்சள் பூச்சு மண்ணால் ஆனதில்லை. அது தனகா, மரப்பட்டையைக் கல்லில் நீர் விட்டு அரைத்து எடுப்பது. நம் ஊர் விளாமரத்தின் பட்டையையும் அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் மண்ணைக் கரைத்துத் தெளியவைத்தீர்கள் பாருங்கள், அது சரியான முறை. தேரி மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணி. அதன்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. கரைத்து விட்டால் மணல் அடியில் தங்கும். களியும் சிவப்பும் நீரோடு மேலே நிற்கும். யாரும் சொல்லித்தராமலே இதைச் செய்திருக்கிறீர்கள் என்றால் கைப்பக்குவம் உள்ளவர்தான். ஆனால் கைப்பக்குவத்தால் தீர்க்க முடியாத சில விஷயங்கள் இந்த டப்பாவுக்குள் இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெயில் குழைத்தால் மண் காணாமல் போகும்

வீட்டில் நாமக்கட்டி இருந்தால் ஒரு சிட்டிகை உரசி எடுங்கள். தண்ணீரில் குழைத்துப் புறங்கையில் பூசி உலரவிட்டால் வெள்ளைவெளேர் என்று நிற்கும். அதே பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிப் பாருங்கள். வெண்மை போய்விடும்; தோல் உள்ளே தெரியும். பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி போல ஆகிவிடுவதும் இதனால்தான். காற்றுக்கும் களிமண்ணுக்கும் ஒளிவிலகல் எண்ணில், அதாவது ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண்ணில், வேறுபாடு அதிகம். காற்றுக்கு 1, வெள்ளைக் களிமண்ணுக்குச் சுமார் 1.56. எண்ணெய்க்கோ 1.45-க்கு மேல். இரண்டும் நெருங்கிவிட்டால் ஒளி சிதறாமல் நேராக உள்ளே போய்விடும். துத்தநாக ஆக்சைடுக்கு அந்த எண் 2. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.5-க்கும் மேல். எண்ணெயில் போட்டாலும் அவை வெள்ளையாகவே நிற்பது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டு ஆக்சைடுகளும் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன என்று விளம்பரங்களில் காட்டுவார்கள். உண்மையில் அவை புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. திருப்பி அனுப்புவது கொஞ்சம்தான். வெள்ளைக் களிமண்ணால் அப்படி விழுங்க முடியாது. செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஓரளவு விழுங்கும். ஆகவே நாமக்கட்டியையும் முல்தானி மட்டியையும்விட நீங்கள் எடுத்த சிவப்பு மண்ணுக்கு மதிப்பெண் அதிகம்தான்.

தங்கையின் மங்கு வெளிறியதற்கும் இதில் விடை இருக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் உள்ள நீலமும் ஊதாவும்கூடக் கறுக்க வைக்கும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். அதனால்தான் மங்கு உள்ளவர்களுக்கு நாங்கள் நிறமுள்ளதையே எழுதித் தருகிறோம். உங்கள் மண்ணில் இருக்கும் இரும்பு அந்த வேலையைக் கொஞ்சம் செய்திருக்கலாம். சிவப்பு நிறம் மங்கை மேலே மறைத்தும் இருக்கலாம். முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"கடைக் கிரீமில் ரசாயனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அலமாரியில் கலமைன் லோஷன் இருக்கிறதா? வேர்க்குருவுக்குப் பூசுவோமே, அந்த இளஞ்சிவப்புப் பாட்டில். அதில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. இளஞ்சிவப்பு நிறம் வருவது இரும்பு ஆக்சைடால். பொடி அடியில் கட்டியாகிவிடாமல் தாங்கி நிற்பது பென்டோனைட் என்ற களிமண்ணால். நீங்கள் ரசாயனம் என்பதும் மண் என்பதும் ஒரே பாட்டிலில் குடியிருக்கின்றன. சன்ஸ்கிரீன் கம்பெனிகளும் களிமண்ணைப் பல காலமாகப் பயன்படுத்தித்தான் வருகின்றன. துத்தநாகத் துகள் ஒரே சீராகப் பரவி நிற்க ஒரு வகைக் களிமண். பூசிய முகம் எண்ணெய் வழியாமல் இருக்க இன்னொரு வகை. வெயிலைத் தடுக்கும் பொறுப்பை மட்டும் களிமண்ணிடம் விடுவதில்லை.

ஒரு பக்கச் செய்தி: நீங்கள் மண் எடுத்த தேரியிலேயே டைட்டானியம் தாது உண்டு. 2007-ல் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்க ஒரு பெரிய நிறுவனம் திட்டமிட்டதும் மக்கள் எதிர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 'அப்படியானால் என் மண்ணிலேயே சன்ஸ்கிரீன் இருக்கிறதே' என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணில் இருப்பது இல்மனைட் என்ற கறுப்புத் தாது. வெள்ளைப் பொடியாவதற்கு அது பெரிய ஆலையைத் தாண்டி வர வேண்டும். தென்கோடிக் கடற்கரையின் கனிம மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்து வருவதுண்டு. பரிசோதிக்காத மண்ணை முகத்தில் பூசக் கொடுக்கத் தயங்குவதற்கு இது ஒன்றே போதும்.

மொட்டைமாடிச் சோதனை

இடது முன்கையில் ஒரு கரண்டி கிரீம் பூசி, வலது கையை வெறுமனே விட்டு, பகல் 11 மணி வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததாகவும், வலது கை மட்டும் கறுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பத்தி பிடித்திருந்தது. ஆனால் அந்தக் 'கரண்டி'யில்தான் விஷயம் இருக்கிறது. முன்கையின் சுற்றுப் பரப்பு ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்.பி.எஃப். அளக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி முன்கை முழுமைக்கும் 1 கிராம் போதும். நீங்கள் பூசியது 5 கிராமாவது இருக்கும். ஐந்து மடங்கு கனத்தில் பூசினால் எந்த மண்ணும் வெயிலைத் தடுக்கும். எருமைக்குத் தடுப்பது அப்படித்தான். விலை கொடுத்து வாங்கியவர் அவ்வளவு பூச மாட்டார். சோதனைக்கூடத்து அளவில் பூசினால் படலத்தின் கனம் 0.02 மில்லிமீட்டர், தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கும் இராது. வீட்டில் நாம் அந்த அளவுகூடப் பூசுவதில்லை.

தோல் கறுக்கவில்லை, சிவக்கவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவுசெய்யவும் முடியாது. மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புற ஊதாக் கதிரில் ஏ, பி என்று இரண்டு வகை நம் மேல் படுகின்றன. எஸ்.பி.எஃப். எண் பெரும்பாலும் பி-யைப் பற்றியது. சுருக்கத்தையும் மங்கையும் தரும் ஏ, சத்தம் போடாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும்.

'எஸ்.பி.எஃப். 30' என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 10 பேரின் முதுகில், அளந்து பூசி, விளக்கொளியில் அளவெடுத்த சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயின் எஸ்.பி.எஃப். 7 என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்துக் கருவியில் ஒளியைச் செலுத்திப் பார்த்த எண். மனிதத் தோலில் அளந்ததில்லை. அந்த 7-ஐயும் மண்ணுக்கு ஒரு 23-ஐயும் கூட்டினால் ஒப்பந்தக்காரர் கேட்ட 30 வந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எஸ்.பி.எஃப். அப்படிக் கூட்டல் கணக்கில் வருவதில்லை.

சீழ்ப் பரு வந்த இருவர்

கிரீம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் களிமண்ணும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைக்கும். வியர்வை உள்ளேயே நிற்கும். துணிக்குத் தப்பிய நுண்மணல் தோலைச் சிராய்க்கும். உப்புநீர் அதில் படும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கற்றாழைச் சாறு என்றால் தண்ணீர். தண்ணீர் உள்ள கிரீமில் பதப்பொருள் (கெடாமல் காக்கும் பொருள்) இல்லாவிட்டால் சில நாட்களிலேயே பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும், வாசனையில் தெரியாது. 'பதப்பொருள் சேர்த்துவிடுகிறேன்' என்றாலும் தீராது. களிமண் பதப்பொருளைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்ளும்; கிருமியைக் கொல்ல மிஞ்சுவது குறைவு. எவ்வளவு சேர்ப்பது என்பது சோதித்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

'மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன், கிருமி செத்திருக்கும்' என்பது நல்லெண்ணத்தில் வரும் தவறு. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். வெயிலுக்கும் சாகாது, கொதிநீருக்கும் சாகாது; அழுத்த நீராவியில் 121 டிகிரி வைத்துத்தான் கொல்ல வேண்டும். உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கையிலும் காலிலும் வெட்டும் வெடிப்பும் இல்லாத நாள் உண்டா?

இருவரையும் கிரீமை நிறுத்தச் சொல்லுங்கள். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு டப்பாவோடு அனுப்புங்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூச விடாதீர்கள். சீழ் உள்ள இடத்தில் அது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும். மீதி 38 டப்பாக்களையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பணத்தையும் கொடுத்துவிடுங்கள். குழுவில் பெயர் கெடும் என்று தயங்குவீர்கள். நீங்களாகக் கேட்டு வாங்கினால் கெடாது. பத்தாவது ஆளுக்குச் சீழ் வந்து செய்தி பரவினால் கெடும்.

லேபிளும் உரிமமும்

உங்கள் கணவர் சொல்வது பலரும் நம்புவது. நம் நாட்டில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள் வகையில் வருகிறது. விற்பனைக்காகத் தயாரிக்க, 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து என்று எழுதினால் உரிமம் வேண்டாம் என்பது இல்லை. அதற்குத் தனி உரிமம். சித்த மருத்துவத்தில் பூங்காவி என்ற செங்காவி மருந்துதான். ஆனால் அங்கும் சுத்தி செய்யாமல் எதையும் பயன்படுத்துவதில்லை. தேரியில் அள்ளிய மண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது சித்த மருத்துவத்துக்கும் நியாயம் செய்ததாகாது.

மண் நிறத்துக்காகச் சேர்க்கப்படும்போது ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் வரம்பு உண்டு: நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு), ஆர்சனிக் 2 பி.பி.எம். ஒரு வயலின் மண்ணில் சரியாக இருந்தது அடுத்த வயலில் இராது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சோதிக்க வேண்டும். சோதிக்காத எஸ்.பி.எஃப். எண்ணை லேபிளில் போடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கேட்டார் என்பதற்காக எழுதினாலும் தயாரித்தவர் நீங்கள்தான்.

இந்தத் தொழிலை விட மனமில்லை என்றால் வழி இருக்கிறது. உரிமம் உள்ள தயாரிப்பாளரின் ஆலையில் உங்கள் பெயரில் தயாரிக்க 'லோன் லைசென்ஸ்' என்ற ஏற்பாட்டை அதே விதிகள் அனுமதிக்கின்றன. துத்தநாக ஆக்சைடு அடிப்படையில், சுத்திகரித்த இரும்பு ஆக்சைடு நிறத்தோடு, நம் மாநிறத்துக்குப் பொருந்தும் ஒரு கிரீமை அப்படிச் செய்யலாம். கடைகளில் கிடைக்கும் நிறமுள்ள சன்ஸ்கிரீன்களில் பல வெள்ளைக்காரர் முகத்துக்கானவை. நம் பெண்கள் பூசினால் சாம்பல் பூத்தது போல இருக்கும். அந்தக் குறையை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். முதலீடு அதிகம் என்றால் பூசிக் கழுவிவிடும் முகப்பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் உரிமமும் அழகுசாதனத் தரத்தில் சுத்திகரித்த களிமண்ணும் வேண்டும். ஆனால் வெயிலிலிருந்து காப்பதாக அது யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

தங்கைக்கு மட்டும் ஒன்று சொல்லுங்கள். கடையில் வாங்கிய சன்ஸ்கிரீனில் இந்த மண்ணைக் கலந்து பூச வேண்டாம். படலம் திரிந்து, இருந்த பாதுகாப்பும் போய்விடும். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசட்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

200 டப்பா

கொடுக்காதீர்கள். காரணம் உரிமம் மட்டுமல்ல. உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை உப்பிலும் பாத்தி நீரிலும் பட்டுக் கீழேயிருந்தும் வரும். கோடையில் உங்கள் பக்கம் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம்; உலக சுகாதார அமைப்பின் அளவுகோலில் அதற்கு மேல் வகையே இல்லை. அங்கே நிற்கும் ஒரு பெண் 'முப்பது பூசியிருக்கிறேன்' என்ற நம்பிக்கையில் முக்காட்டைத் தளர்த்துவார். வியர்வையில் உங்கள் கிரீம் அரை மணி நேரத்தில் வழிந்திருக்கும்.

அந்தப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கிரீமும் அந்தச் சட்டைக்கு ஈடில்லை. அடர்த்தியாக நெய்த, கொஞ்சம் இருண்ட நிறச் சட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. நைந்த வெள்ளைத் துணி நனைந்தால் கதிரை உள்ளே விடும். ஒப்பந்தக்காரருக்கு உண்மையில் அக்கறை என்றால் 200 டப்பாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் சட்டையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கித் தரட்டும். உப்பளத்துக் கூச்சம் கண்ணில் சதை வளரவும் புரை விழவும் காரணமாகிறது; அதைத் தடுக்க எந்தக் கிரீமாலும் முடியாது. மூக்கு, கன்னம், உதடு என்று துணிக்கு வெளியே மிஞ்சும் இடத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு கிரீம்.

தேரிக்காடு என்றால் பனை இல்லாமல் இருக்காதே. நான்கு விரல்கடை விளிம்பு வைத்த பனையோலைத் தொப்பி முடையத் தெரிந்தவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். தாடைக்குக் கீழே கட்ட ஒரு நாடாவும், பிடரியை மூட ஒரு துணியும் தைத்துக் கொடுத்தால் 200 தொப்பிக்கு ஒப்பந்தக்காரரிடம் கணக்குப் பேசலாம். அதற்கு எஸ்.பி.எஃப். எண் கேட்க மாட்டார்.

அந்த இரண்டு பெண்களிடமும் இன்று மாலையே பேசிவிடுங்கள். கையில் வெட்டுக் காயம் இருந்ததா, கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். காயத்தில் கிரீம் பட்டிருந்து, ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டோம் என்று நினைவில்லாவிட்டாலோ, நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.